பட்டியலில் சாருடைய வீடு

அந்தக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் மறைக்கல்வி ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘மணிக்கணக்கு சார்’. பள்ளியை விட்டுப் போவதற்குள் ஒவ்வொரு மாணவரும் நாற்பது மணி நேரம் பிறருக்காக உழைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. முதியோர் இல்லத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன் என்று யாராவது எழுதிக்கொண்டு வந்து நீட்டினால், அதில் போனைப் பார்த்த நேரம் எவ்வளவு என்று கேட்டு, அதைக் கழித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். நீட்டியவன் முகம் தொங்கிப்போகும். ஆனால் அடுத்த வாரம் அவன் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவான்.

சனிக்கிழமைகளில் மாணவர்கள் மூன்று மூன்று பேராக நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குப் போவார்கள். போவதற்கு முன் சார் அவர்களுக்குச் சில விஷயங்களைத் ஆணி அடித்தாற்போல் சொல்லி வைப்பார். கேட்காமல் வீட்டுக்குள் நுழையாதே. சொல்லாமல் நோயாளியைத் தொடாதே. படம் எடுக்காதே. வேண்டாம் என்று சொல்கிறவர்களை வற்புறுத்தாதே. வாசலில் நின்று எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வா. அதற்காக அவர்களை விட்டுவிடவும் கூடாது, அடுத்த வாரமும் போய் விசாரி. இருபது வருடமாக இதையே சொல்லி வந்தார். வெறும் வாய்ப்பேச்சு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் அவரும் மனைவியுமாகப் போகாத வீடு இல்லை.

அவர் மனைவி தபால் அலுவலகத்தில் கவுன்டரில் வேலை பார்த்தவர். வாய்த் துடுக்கு அதிகம். அவர் கவுன்டரில் உட்கார்ந்திருந்தால் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். அடுத்து யார் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. அதைவிடப் பெரிய இழப்பு, பேச்சும் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்: ‘ஆமா’.

பசிக்கிறதா என்றால் ஆமா. வலிக்கிறதா என்றாலும் ஆமா. வேண்டாமா என்றால் அதற்கும் ஆமா. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை என்று மருத்துவர் சொன்னார். சார் அவர் வாயை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்கப் பழகிக்கொண்டார். கண் ஓரளவு சொல்லும். எல்லாவற்றையும் சொல்லாது.

ஒரே மகள் வெளிநாட்டில் இருந்தாள். கைக்குழந்தையோடு வந்து ஆறு வாரம் இருந்துவிட்டு அழுதுகொண்டே திரும்பிப் போனாள். அதன் பிறகு எல்லாம் சார் ஒருவர் தலையில்தான். விடியும் முன் எழுந்து மனைவியைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புவார். காலை நேரத்துக்கு ஒரு பணிப்பெண் வந்து போவாள். மதிய இடைவேளையில் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் பறந்து வந்து, படுக்கை விரிப்பை அலசிக் காயப்போட்டு, சூப் ஊட்டி, மணி அடிப்பதற்குள் வகுப்பில் நிற்பார். மனைவி எப்படி இருக்கிறார் என்று சக ஆசிரியர்கள் கேட்டால், தேறி வருகிறாள் என்பார். பேச்சை அத்தோடு முடித்துவிடுவார்.

யாரிடமும் சொல்லாத விஷயம் இன்னொன்றும் இருந்தது. தினமும் காலையில் மைக் முன் நின்று பள்ளி முழுவதற்கும் செபத்தைத் தொடங்கி வைப்பது அவர்தான். வாய் தவறாமல் சொல்லும். உள்ளே ஒன்றும் அசையாது. பேருந்து நேர அட்டவணையை வாசிப்பதற்கும் அதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆண்டவரிடம் கோபம் என்றும் சொல்ல முடியாது. கோபப்படக்கூட நேரம் வேண்டுமே. பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக் கொடுக்கிறவன் இப்படி இருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்ல நா எழவில்லை.

இதை எல்லாம் மூடி மறைத்துவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு பிற்பகல், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நெற்றியைப் பலகையில் சாய்த்தார், அப்படியே நின்றுவிட்டார். நின்றபடியே தூக்கம். ஒரு நிமிடம் கழித்துத் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்து திரும்பியபோது, நெற்றியில் சாக்பீஸ் எழுத்து இடவலம் மாறிப் பதிந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ‘ரேடியோ’கூடச் சிரிக்கவில்லை.

‘ரேடியோ’ என்பது காலையில் வாயைத் திறந்தால் மாலை கடைசி மணிக்குத்தான் மூடும் ஒரு மாணவன். சனிக்கிழமைக் குழுவில் அவனோடு இரண்டு பெண்கள். ஒருத்தி குழுத் தலைவி. வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் ‘ஏணி’. இன்னொருத்தியின் அம்மா அழகு நிலையம் நடத்துகிறவர். புத்தகத்தை மறந்து வந்தாலும் பையில் சீப்பை மறக்காத அவளுக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்? ‘சீப்பு’தான். சாருடைய சட்டைக் கை மதியத்துக்குப் பிறகு தினமும் நனைந்திருப்பதை முதலில் கவனித்தவள் அவள்.

ஏணி நேராகத் தலைமை ஆசிரியையான சிஸ்டரிடம் போனாள். சனிக்கிழமை போகும் வீடுகளின் பட்டியலில் சாருடைய வீட்டையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். சிஸ்டர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். தானும் பல தடவை உதவிக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டுப் பார்த்ததாகவும், அவர் பிடி கொடுக்கவில்லை என்றும் சொன்னார். பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். தான் அதில் தலையிட முடியாது. சேர்த்துத்தான் பாருங்களேன் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பட்டியல் சாருடைய மேசைக்கு வந்தது. ஏழு வீடுகள். ஐந்தாவது வீட்டு முகவரியைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவருடைய முகவரி. எதிரே ‘என்ன உதவி’ என்ற கட்டத்தில் ‘கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்’ என்று ஏணியின் கையெழுத்து. மற்ற ஆறுக்கும் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘தேவையில்லை’ என்று எழுதினார். பிறகு ஏணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“என் வீட்டை இதுல சேர்க்கச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல சார். முடியாதவங்க இருக்கிற வீட்டைக் கேள்விப்பட்டா சேர்க்கணும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க.”

“நான் பார்த்துக்கறேன்மா.”

“சரி சார்,” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இவ்வளவு எளிதில் விட்டுவிட்டாளே என்று சாருக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மூன்று பேரும் வரிசையாக நிற்கிறார்கள். ஆன்ட்டி எப்படி இருக்காங்க சார் என்று ஏணி கேட்டாள். நல்லா இருக்கா என்றார். சரி சார், வர்றோம் என்று மூவரும் படி இறங்கிப் போய்விட்டார்கள். அவருடைய பாடம் அவருக்கே திரும்பி வந்து நின்றது. திட்டவும் வழியில்லை.

அடுத்த சனிக்கிழமை மழை. குடை பிடித்துக்கொண்டு வந்து அதே கேள்வி கேட்டார்கள், அதே பதிலை வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது சனிக்கிழமை சார் கதவைத் திறக்கவே இல்லை. சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரேடியோ வெளியே நின்றபடி, சார், ஆன்ட்டி நல்லா இருக்காங்கன்னு நம்பிட்டுப் போறோம் சார் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். படுக்கையறையிலிருந்து “ஆமா” என்று குரல் வந்தது. சார் காதில் விழாதது போல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் இந்த வீம்பு என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். தினமும் பார்க்கிற பிள்ளைகள். அவர்கள் முன் தன் மனைவியின் கோணிய வாயையும், தன் வீட்டு வாடையையும், கொடியில் தொங்கும் விரிப்புகளையும் வைப்பதா? கொடுக்கிற பக்கம் நின்றே பழகிய மனிதர். வாங்குகிற பக்கம் நிற்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

நான்காவது சனிக்கிழமை காலை மனைவியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்பில் சுரீர் என்று ஒரு வலி பிடித்தது. கை தளர்ந்தது. மனைவி வழுக்கிக்கொண்டு மெதுவாகத் தரையில் போய் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி எதுவும் படவில்லை. அவரைத் தாங்கக் குனிந்த சாரும் பக்கத்தில் மண்டியிட்டு விழுந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றார். கண்ணில் பூச்சி பறந்தது. போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. கட்டிலில் முதுகைச் சாய்த்து மனைவியும், நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு அவரும், தரையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் கண் கடிகாரத்துக்குப் போயிற்று, பிறகு அவர் முகத்துக்கு வந்தது. பத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கண்டுபிடிக்க அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

மணி அடித்தது. சார் நாலு காலில் தவழ ஆரம்பித்தார். படுக்கையறையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, கதவருகே வந்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றி மறு கையால் தாழ்ப்பாளை எட்டித் தள்ளினார். கதவு திறந்தபோது மூன்று பேரும் நேர் எதிரே யாரையும் காணாமல் கீழே குனிந்து பார்த்தார்கள்.

“உள்ள வாங்க,” என்றார் சார்.

யாரும் ஐயோ என்று பதறவில்லை. அதையும் அவர்தான் கற்றுக் கொடுத்திருந்தார். செருப்பைக் கழற்றினார்கள், கை கழுவினார்கள். ரேடியோ அவரைத் தோளில் தாங்கி ஹாலில் இருந்த சோபாவில் படுக்க வைத்தான். பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள். திறந்திருந்த கதவு வழியாகச் சாரால் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது; எழுந்து போக மட்டும் முடியவில்லை. ஏணி தரையில் உட்கார்ந்து, கண்ணுக்கு நேராகக் கண் வைத்து, தன்னை அறிமுகம் செய்துகொண்டாள்.

“ஆன்ட்டி, இப்ப உங்களைத் தூக்கப் போறோம். இந்த விரிப்பை உங்களுக்கு அடியில விடுவோம், அப்புறம் மூணு எண்ணிட்டு நாற்காலியில உட்கார வைப்போம். சரியா?”

“ஆமா.”

ரேடியோவும் வந்து சேர்ந்துகொள்ள, மூவருமாக ஒரு பூவைத் தூக்குவது போலத் தூக்கி உட்கார வைத்தார்கள். போன வருடம் பள்ளிக்கு ஒரு நர்ஸை வரவழைத்து, தலையணை மூட்டைகளை வைத்து அவர் நடத்திய பயிற்சி அது. அப்போது ரேடியோ மூட்டையைக் கீழே போட்டுத் திட்டு வாங்கியிருந்தான். இப்போது போடவில்லை.

சீப்பு மனைவியின் பின்னால் போய் நின்றாள். சார் தினமும் ஒரு ரப்பர் பேண்டில் சுற்றிவிடும் தலைமுடி, பிடரியில் சிக்குப் பிடித்து ஒரு பந்தாகிக் கிடந்தது. தலை வாரி விடட்டுமா என்று கேட்டுவிட்டு, எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து இழை இழையாகப் பிரித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு தடவைகூட முடியை வெடுக்கென்று இழுக்கவில்லை. பின்னி முடித்ததும் கண்ணாடி எங்கே என்று தேடினாள். அந்த வீட்டில் கண்ணாடி கண்ணில் படவில்லை. தன் முகத்தைப் பார்த்தால் மனைவி உடைந்துபோவாள் என்று சார் அதை முதல் வாரமே கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டிருந்தார்.

“கண்ணாடி வேண்டாம்மா,” என்று சோபாவிலிருந்து சொன்னார்.

சீப்பு அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “சார், அவங்களையே கேக்கலாமா?”

ஊரில் உள்ள நோயாளிகளிடம் எல்லாம் கேளுங்கள், கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியவர், இந்த ஒருத்தியிடம் எட்டு மாதமாக இதைக் கேட்கவில்லை. அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார்.

மனைவி கண்ணாடியில் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. பிறகு இடது கையை மெல்லத் தூக்கி, நெற்றியில் விழுந்திருந்த ஒரு முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார். தபால் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது தினமும் அப்படித்தான் செய்வார். சார் முகத்தைச் சோபாவின் முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன், உங்களோடு சேர்ந்து செபிக்கலாமா என்று ஏணி கேட்டாள். ஆமா என்று பதில் வந்தது. சார் சங்கடத்தோடு, அவள் எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள், விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றார்.

“இருக்கட்டும் சார்,” என்றான் ரேடியோ. “‘ஆமென்’னாலும் ‘ஆமா’தானே.”

அவர்கள் பள்ளியில் பழகியபடி எதையும் கேட்பதற்கு முன் நன்றி சொன்னார்கள். ஏணி அந்த வீட்டுக்கு வர முடிந்ததற்கு நன்றி சொன்னாள். சீப்பு தன் அம்மாவுக்கும், அம்மா கற்றுக் கொடுத்த வேலைக்கும் நன்றி சொன்னாள். ரேடியோ அன்றைக்குப் பார்த்து ஒரே ஒரு வரியில் முடித்தான்: சார் கதவைத் திறந்ததற்கு நன்றி ஆண்டவரே. ஒவ்வொன்றின் முடிவிலும் மனைவி “ஆமா” என்றார், சரியான இடத்தில், கொஞ்சமும் பிசகாமல். பிறகு இயேசு கற்பித்த செபத்தைத் தொடங்கினார்கள். சார் பழக்க தோஷத்தில் கூடவே முணுமுணுத்தார். அன்றன்றைக்கு உரிய உணவைக் கேட்கும் இடம் வந்தபோது அவருடைய முணுமுணுப்பு நின்றது. எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். தானும் கேட்டு வாங்க வேண்டிய ஆள்தான் என்பது அன்றுதான் உறைத்தது. மீதியை அவரால் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் சொன்னார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். இடுப்பு வலியோடும் நனைந்த முகத்தோடும், மாதக்கணக்கில் வராத செபம் அவருக்கு வந்தது.

திங்கட்கிழமை பட்டியலில் ஐந்தாவது இடத்தில் தன் முகவரியைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் அதைப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து, மதியம் சூப் கொண்டுபோய்க் கொடுக்க ஆசிரியர்களுக்குள் முறை வைத்திருப்பதாகத் தெரிவித்தார். சார் முதலில் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு, சரி சிஸ்டர், ரொம்ப நன்றி என்றார்.

சனிக்கிழமைகள் தொடர்ந்தன. மனைவிக்கு யாரையும்விட ரேடியோவைத்தான் பிடித்துப்போயிற்று. மற்றவர்கள் அவரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புதான் அவருக்கு வேதனை. ரேடியோ யாருடைய பதிலுக்கும் வாழ்நாளில் காத்திருந்தவன் இல்லை. தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஜன்னலைத் துடைப்பான். ஒரு நாள், வேதியியல் தேர்வை அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டதாகவும், டீச்சர் தாளைப் பார்த்து அசந்துபோய் அவனையே பாடம் நடத்தச் சொன்னதாகவும் அளந்துகொண்டிருந்தான்.

“பொய்,” என்றார் மனைவி.

துணியோடு அவன் கை அந்தரத்தில் நின்றது. சமையலறையிலிருந்து சார் ஈரக் கையோடு ஓடி வந்தார். ரேடியோ மெதுவாகத் திரும்பி, ஆன்ட்டி, என்ன சொன்னீங்க என்று கேட்டான்.

“பொய்.” முகத்தின் அசையும் பாதி முழுக்கச் சிரிப்பு.

எட்டு மாதமும் இன்னும் சில வாரங்களும் கழித்து வந்த இரண்டாவது சொல். கவுன்டரில் உட்கார்ந்திருந்த அந்தத் துடுக்குக்காரி எங்கும் போய்விடவில்லை. உள்ளே இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சீப்பு அழுதாள். ரேடியோ மட்டும், ஆன்ட்டி கண்டுபிடிச்சுட்டாங்க சார், நாப்பத்திரண்டு மார்க்தான் என்று ஒப்புக்கொண்டான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவரிடம் கேட்டபோது, இப்படித்தான் தூண்டிவிட வேண்டும், நிறுத்தாதீர்கள் என்றார். அதன் பிறகு ரேடியோ வாரா வாரம் புதுப் பொய்யோடு வந்தான். முதலை கடித்தது, அமைச்சர் போன் செய்தார் என்று போய்க்கொண்டே இருந்தது. பொய் சொல்லும் நேரத்தைச் சேவை நேரத்தில் சேர்க்கலாமா என்று சாருக்கு உண்மையாகவே குழப்பம். சிஸ்டரிடம் போய்க் கேட்டார். சிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாராளமாகச் சேருங்கள், பாவம் என் கணக்கில் இருக்கட்டும் என்றார்.

அந்த வருடம் முடிவதற்குள் மனைவி பதினோரு சொற்களைச் சேர்த்திருந்தார். இடது கையால் தானே கரண்டி பிடித்தார். வலது கால் திரும்பவில்லை. திரும்பாது என்று மருத்துவர் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார். மூன்று பேரும் பள்ளியை முடித்துத் திசைக்கொருவராகப் போனார்கள். ஏணி வெளியூரில் கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்தாள். ரேடியோ தட்டுத் தடுமாறித் தேறினான். சீப்பு இன்னமும் மாதம் ஒரு தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து தலை வாரிவிட்டுப் போகிறாள்.

புது வருடத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்கிய அன்று சார் வழக்கமான பேச்சைப் பேசவில்லை. வகுப்புக்கு ஒரு பெரிய பாத்திரத்தில் சூப்பும், கிண்ணங்களும், கரண்டிகளும் வந்தன. இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், மற்றவர் ஊட்ட வேண்டும். ஒரே அமர்க்களம். சட்டையில் சிந்தியது, மூக்கில் ஏறியது. முன்வரிசையில் ஒரு பையன் மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊட்டுவதற்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் வரட்டும், ஊட்டிக்கொள்ள மாட்டேன், வெட்கமாக இருக்கிறது என்றான்.

சார் அவனைத் திட்டவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். கிண்ணத்தைக் கண்ணால் காட்டினார். பையன் தயங்கித் தயங்கிக் கரண்டியை எடுத்தான்.

“சூடா இருக்கும், கொஞ்சம் ஊதிக் கொடு,” என்றார் சார்.

அவன் ஊதினான். சார் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார், விழுங்கினார், நன்றி தம்பி என்றார். பையன் அவரையே பார்த்தான். பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, தன் கைகளையும் பின்னால் கொண்டுபோனான்.